மூச்சு வழியே மருந்து: நாளை வரப்போவதும், இன்று நாம் சரிசெய்ய வேண்டியதும்

2024 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு புதிய வகை இன்சுலினுக்கு அனுமதி கொடுத்தது. இதற்கு ஊசி கிடையாது. விசில் அளவுள்ள ஒரு சிறு கருவியை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் மருந்து உள்ளே போய்விடும். 'அஃப்ரெஸ்ஸா' என்பது அதன் பெயர். அமெரிக்காவில் உருவான இந்த மருந்தை இந்தியாவில் விற்கும் உரிமை சிப்லா நிறுவனத்திடம் உள்ளது. "இனி சுகருக்கு ஊசியே வேண்டாமாமே, உண்மையா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100 பேரில் சுமார் 14 பேருக்கு. தினமும் வயிற்றிலோ தொடையிலோ ஊசி குத்திக்கொள்ளும் நன்னாவும் நன்னியும் இல்லாத தெரு நம் பகுதியில் அரிது.

அதே வீடுகளில் இன்னொன்றையும் பார்க்கிறோம். வீசிங் உள்ள பிள்ளைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர் பீரோவுக்குள் கிடக்கிறது. "பழகிப்போயிடும்", "பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்" என்று காரணம் சொல்கிறார்கள். ரமலான் வந்தால் ஆலிமையும் கேட்காமல், டாக்டரையும் கேட்காமல் மருந்தை நிறுத்திவிடும் பெரியவர்கள் உண்டு. மூச்சு வழி மருத்துவத்தில் பெரிய மாற்றங்கள் வரவிருக்கின்றன. அவற்றின் பலன் நமக்குக் கிடைக்க வேண்டுமானால், இப்போது கையில் இருக்கும் இன்ஹேலரைப் பற்றிய பயத்தையும் தவறான பழக்கத்தையும் முதலில் விட வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

நுரையீரல் ஏன் நல்ல வாசல்?

நாம் விழுங்கும் மாத்திரை வயிற்றுக்குப் போய், குடலில் கரைந்து, கல்லீரலைத் தாண்டி, பிறகுதான் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுகிறது. நோய் நுரையீரலில் இருந்தாலும் மருந்து தலை முதல் கால் வரை சுற்றுகிறது. இன்சுலின் போன்ற மருந்துகளோ வயிற்றிலேயே செரித்துப்போகும். அதனால்தான் இன்சுலினை மாத்திரையாகக் கொடுப்பது இவ்வளவு கடினமாக இருந்துவருகிறது.

நுரையீரலின் அமைப்பு வேறு. அதன் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளை விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு வரும். அந்த நுண்ணறையின் சுவர் மிக மெல்லியது. அதற்கு அடுத்த பக்கத்திலேயே இரத்தம் ஓடுகிறது. அல்லாஹ் பிராணவாயுவுக்காகப் படைத்த அந்த வாசலில் மருந்தும் நுழைய முடியும் என்பதே இந்தத் துறையின் அடிப்படை.

ஒரு கணக்கைப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து மாத்திரையாக 2 அல்லது 4 மில்லிகிராம் கொடுக்கப்படுகிறது. இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதாவது 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 40 பஃப் அளவு மருந்து இருக்கிறது. "இன்ஹேலர் பவர் மருந்து, மாத்திரை லேசானது" என்று நம்மிடையே இருக்கும் எண்ணம் தலைகீழானது. மாத்திரை எடுத்தால் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மருந்துத் துகளின் அளவு 1 முதல் 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். அதைவிடப் பெரியது தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியது வெளிமூச்சோடு திரும்பி வந்துவிடும். துகள் சரியாக இருந்தாலும், இழுக்கும் முறை தவறினால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் தங்கி வயிற்றுக்குத்தான் போகும். மருந்தோடு சேர்த்து, அதை இழுக்கும் பழக்கத்தையும் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

சென்னையிலிருந்து போன ஊமத்தைப் புகை

சுவாச நோய்களைக் கவனித்து எழுதியவர்களில் நம் முன்னோர்களும் உண்டு. ரோஜா பூக்கும் காலத்தில் ஒருவருக்கு ஏற்படும் மூக்கடைப்பைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார் மருத்துவ மேதை அர்-ராஸி. இன்று நாம் ஒவ்வாமை என்று சொல்வதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் கவனித்திருக்கிறார்.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இளைப்பு நோய்க்கு ஊமத்தையைப் புகைப்பது நம் நாட்டில் பழைய வைத்தியம். சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதைப் பயன்படுத்தினார். அவர் வழியாக அறிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி 1802 வாக்கில் இதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். பிறகு 'ஆஸ்துமா சிகரெட்' என்ற பெயரில் ஊமத்தை இலை ஐரோப்பாவெங்கும் விற்பனையானது.

ஊமத்தை விஷச் செடி. இன்று யாரும் அதைத் தொடக்கூடாது. ஆனால் அதிலுள்ள அட்ரோப்பின் வகைப் பொருள் மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது என்ற அறிவு வீண்போகவில்லை. அதே வழியில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டவைதான் ஐப்ராட்ரோப்பியம், டையோட்ரோப்பியம் ஆகிய மருந்துகள். பீடி, சிகரெட்டாலும் விறகுப் புகையாலும் நுரையீரல் கெட்ட பெரியவர்களுக்கு இன்று டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் இன்ஹேலர்களில் பல இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இப்போதைய பஃப் வடிவம் 1956-ல் அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வகத்தில் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அந்த நிறுவனத் தலைவரின் 13 வயது மகள், "முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் ஆஸ்துமா மருந்தும் ஏன் இருக்கக் கூடாது?" என்று தந்தையிடம் கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வியில் தொடங்கிய வேலைதான் அளவு குறித்த பஃப் கருவியானது. 1969-ல் சால்பியூட்டமால் வந்தது. 1970-களில் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வந்தது. இந்தியாவில் இன்ஹேலரைப் பரவலாக்கியதில் பெரும்பங்கு சிப்லாவுக்கு உண்டு. 1935-ல் பம்பாயில் குவாஜா அப்துல் ஹமீத் தொடங்கிய நிறுவனம் அது.

மூச்சில் இன்சுலின்: யாருக்கு, யாருக்கு இல்லை

மூச்சில் இழுக்கும் இன்சுலின் முதல் முறையாக வந்தபோது தோற்றது. ஃபைசர் நிறுவனத்தின் 'எக்ஸுபெரா' 2006 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கருவி பெரியது, விலை அதிகம், அளவைக் கணக்கிடுவதும் குழப்பம். 2007 அக்டோபரில் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அஃப்ரெஸ்ஸா 2014 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கருவி சிறியது. இன்சுலின் பொடி 4, 8, 12 யூனிட் கொண்ட சிறு குப்பிகளில் வருகிறது.

இதன் தனிச்சிறப்பு வேகம். சாப்பாட்டின் தொடக்கத்தில் இழுத்தால் சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் சேர்ந்து, சாப்பாட்டால் ஏறும் சர்க்கரையைக் கட்டுப்படுத்திவிட்டு, ஓரிரு மணி நேரத்தில் வேகம் தணிந்துவிடும். ஆனால் நம் குடும்பங்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன:

- இது சாப்பாட்டு நேர இன்சுலின் மட்டுமே. நாள் முழுவதும் வேலை செய்யும் நீண்டநேர இன்சுலின் ஊசிக்கு மாற்று இல்லை. டைப் 1 நோயாளிகள் அந்த ஊசியைக் கண்டிப்பாகத் தொடர வேண்டும்.
- ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. போன்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் இதை எடுக்கவே கூடாது. திடீரென மூச்சுக்குழாய் சுருங்கும் ஆபத்து உண்டு என்பது இந்த மருந்தின் மேலேயே அச்சிடப்படும் எச்சரிக்கை.
- புகைபிடிப்பவர்களுக்கும், அண்மையில்தான் விட்டவர்களுக்கும் பரிந்துரைக்கப்படுவதில்லை.
- தொடங்கும் முன்பும், 6 மாதம் கழித்தும், பிறகு ஆண்டுதோறும் நுரையீரல் ஊதும் பரிசோதனை செய்ய வேண்டும்.
- இருமல், தொண்டை எரிச்சல் வரலாம். ஊசி இன்சுலினைப் போலவே இதிலும் சர்க்கரை திடீரெனக் குறைந்துபோகலாம்.

வீட்டில் சர்க்கரையும் வீசிங்கும் சேர்ந்து உள்ளவர்கள் பலர். அவர்களுக்கு இது ஏற்றதல்ல என்பதை இப்போதே சொல்லிவைப்பது நல்லது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் யாராவது அன்போடு வாங்கிவந்து கொடுத்தாலும், டாக்டர் பார்க்காமல் வாயில் வைக்கக் கூடாது.

வரிசையில் நிற்கும் மற்ற மருந்துகள்

நுரையீரல் வழியே வேறு உறுப்புகளின் நோய்க்கும் மருந்து செலுத்துவது தொடங்கிவிட்டது. பார்க்கின்சன் நோயால் திடீரெனக் கை கால் இறுகிப்போகும் நேரத்தில் இழுக்கும் லெவோடோபா பொடிக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்த நோய்க்கும் மூச்சில் இழுக்கும் மருந்து ஏற்கெனவே இருக்கிறது. எளிய மருந்துகளுக்கு அடங்காத ஒருவகை நுரையீரல் கிருமித் தொற்றுக்கு, கொழுப்பு உறைக்குள் வைத்த அமிக்காசின் ஆன்டிபயாடிக் 2018-ல் வந்தது.

பெண்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய ஒன்று ஆய்வில் உள்ளது. பிரசவத்துக்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின் மருந்தை இப்போது குளிர்சாதனத்தில் வைத்து ஊசியாகத்தான் போட முடிகிறது. வெயிலில் கெடாத, மூச்சில் இழுக்கும் பொடியாக அதை மாற்ற ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் முயன்றுவருகிறது. மின்சாரமும் மருத்துவமனையும் எட்டாத ஊர்களில் இது தாய்மார்களின் உயிரைக் காக்கக்கூடும்.

காசநோயும் இந்தப் பட்டியலில் உண்டு. காசநோய்க்கு சானடோரியத்தில் அடைந்து கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. அதை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய் மருந்தைப் பொடியாக்கி நேரடியாக நுரையீரலுக்கே அனுப்பும் ஆராய்ச்சி லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்திருக்கிறது. அது இன்னும் நோயாளிகளின் கைக்கு வரவில்லை. அதுவரை காசநோய் மாத்திரைகளை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுவதே வழி.

தடுப்பூசியிலும் முயற்சிகள் உண்டு. மூக்கில் சொட்டுவிடும் கொரோனா தடுப்பு மருந்தை பாரத் பயோடெக் 2023 ஜனவரி 26 அன்று வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே சீனா வாயால் இழுக்கும் வகைக்கு அனுமதி கொடுத்திருந்தது. ஆனால் எல்லாமே வெற்றி பெறுவதில்லை. மகாராஷ்டிராவின் புனே பகுதியில் சுமார் 2,000 குழந்தைகளிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், ஆவியாகக் கொடுத்த தட்டம்மைத் தடுப்பு மருந்து 85 சதவீதக் குழந்தைகளிடம் எதிர்ப்பு சக்தியை உண்டாக்கியது. ஊசியோ சுமார் 95 சதவீதக் குழந்தைகளிடம். எனவே குழந்தைகளுக்கு இன்றும் ஊசிதான் போடப்படுகிறது. "ஊசி இல்லாதது வரும், அதுவரை பொறுக்கலாம்" என்று பிள்ளையின் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்ஹேலரில் இருக்கும் வாயுவும் மாறிவருகிறது. பழைய வாயு ஓசோன் படலத்தைக் கெடுத்ததால், 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின் படிப்படியாகக் கைவிடப்பட்டது. இப்போதுள்ள வாயு ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குகிறது. அதையும் குறைக்க 2016-ல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. புதிய வாயுவும் பொடி வகைகளும் வரவர உங்கள் பஃபின் பெயரும் சுவையும் மாறலாம். அப்போது பயந்து நிறுத்திவிடாமல் டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேளுங்கள்.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வேப் என்ற மின் சிகரெட்டும் மூச்சில் இழுப்பதுதான், அதனால் அதுவும் பாதுகாப்பானது என்று சிலர் பரப்புகிறார்கள். அது மருந்து அல்ல. 2019-ல் அமெரிக்காவில் வேப் பிடித்த ஆயிரக்கணக்கானோர் நுரையீரல் கெட்டு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இறந்தவர்களும் உண்டு. அதே ஆண்டு இந்தியா சட்டம் போட்டு அதைத் தடை செய்தது.

நோன்பும் இன்ஹேலரும்

ஒவ்வொரு ரமலானுக்கு முன்பும் எழும் கேள்வி இது. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஷைக் இப்னு பாஸ், ஷைக் இப்னு உஸைமீன் போன்ற அரபுலக அறிஞர்கள், ஸ்ப்ரே வகை இன்ஹேலர் நோன்பை முறிக்காது என்று சொன்னார்கள். அது உணவோ பானமோ அல்ல, செல்வது மூச்சுப் பாதைக்கு என்பது அவர்கள் காட்டும் காரணம். இந்தியத் துணைக்கண்டத்தின் ஹனஃபி முஃப்திகளில் பெரும்பாலோர், மருந்தின் துகள் உள்ளே செல்வதால் நோன்பு முறியும், அந்த நாளைக் களாச் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஷாஃபிஈ அறிஞர்களிலும் முறியும் என்று சொல்பவர்கள் பலர். ஸ்ப்ரேவையும் பொடி கேப்சூலையும் வேறுபடுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, சத்துக்காகப் போடாத ஊசி உள்ளிட்ட பலவற்றை நோன்பை முறிக்காதவை என்று பட்டியலிட்டது. இன்ஹேலர் உள்ளிட்ட சிலவற்றை மேலும் ஆராய வேண்டும் என்று தள்ளிவைத்தது. இதிலிருந்தே விஷயம் எவ்வளவு நுட்பமானது என்று புரியும். நீங்கள் பின்பற்றும் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு அதன்படி நடங்கள்.

எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லாத விஷயம் ஒன்று உண்டு. நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். சூரா அல்பகராவின் 184, 185-ஆம் வசனங்கள் அதற்கு ஆதாரம். மூச்சுத்திணறல் வந்துவிட்டால் உடனே இன்ஹேலரை எடுக்க வேண்டும். முறிந்ததா இல்லையா என்ற கேள்வியை மூச்சு சீரான பிறகு ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். மக்ரிபுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் என்று பொறுத்திருப்பது வணக்கம் அல்ல, உயிரோடு விளையாடுவது.

பெரும்பாலானோருக்கு இந்தக் கேள்வியே எழாமல் திட்டமிட முடியும். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர்களில் பல 12 மணி நேரம் வேலை செய்பவை. அவற்றை ஸஹரிலும் இஃப்தாரிலும் எடுக்கலாம். 24 மணி நேரம் வேலை செய்பவையும் வந்துவிட்டன. நம் ஊரில் நோன்பு நேரம் சுமார் 13 மணி நேரம். எனவே ஷஃபான் மாதத்திலேயே டாக்டரைப் பார்த்து, நோன்பு வைக்கப்போவதாகச் சொல்லி, மருந்து நேரத்தை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சில் இழுக்கும் இன்சுலினும் சாப்பாட்டோடு எடுப்பது என்பதால், அது இஃப்தார், ஸஹர் நேரங்களுக்கே உரியதாக இருக்கும். பகலில் இழுக்கத் தேவை வராது. ஆனால் எத்தனை யூனிட், நோன்பு வைக்கலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்ற சந்தேகம்

பன்றியின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்த காலம் ஒன்று இருந்தது. 1982 முதல் மனித இன்சுலின் நுண்ணுயிர்கள் மூலம் தயாராகிறது. மூச்சில் இழுக்கும் இன்சுலினும் அவ்வகையே. பொடி இன்ஹேலர்களில் பெரும்பாலும் பால் சர்க்கரை கலந்திருக்கும். பாலுக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சில ஸ்ப்ரே வகைகளில் மருந்து கரைவதற்காகச் சிறிதளவு எத்தனால் சேர்க்கிறார்கள், சிலவற்றில் சேர்ப்பதில்லை. தேவையின் அவசியம், அளவின் சிறுமை, மாற்று உண்டா என்பதையெல்லாம் வைத்து உலமாக்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். மனம் உறுத்தினால் எத்தனால் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். மருந்தை நிறுத்துவது மட்டும் தீர்வாகாது.

வீட்டில் இன்றே சரிசெய்ய வேண்டியவை

உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இங்குதான் நிகழ்கின்றன. 2019-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய கணக்கு இது. மருந்துக்கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தும் இந்த நிலை. தடுப்பு மருந்தை எடுக்காமல் இருப்பதும், எடுத்தாலும் தவறாக இழுப்பதும் பெரிய காரணங்கள்.

பருத்திப்பட்டு ஏரியை ஒட்டி ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி என்று விரியும் நம் பகுதியில் லாரிப் புழுதியும் கட்டட வேலைத் தூசியும் குறைவில்லை. பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. மார்கழிப் பனியும் போகிப் புகையும் சேரும் நாட்களில் டாக்டர் வீடுகளில் கூட்டம் கூடும். வீட்டுக்குள்ளும் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி. வலீமாவுக்கு தேக்சாவில் பிரியாணி போடும்போது எழும் விறகுப் புகை வேறு. வீசிங் உள்ளவர் இருக்கும் வீட்டில் புகை போடுவதை விடுவதும் ஒரு சிகிச்சைதான்.

இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் கீழே உள்ளவற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

*ஸ்ப்ரே வகை:* நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். வாயில் வைத்து உதட்டால் இறுக மூடி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போது ஒருமுறை அழுத்துங்கள். தொடர்ந்து ஆழமாக இழுத்து 10 விநாடி மூச்சைப் பிடித்து வையுங்கள். அடுத்த பஃபுக்கு முன் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இடைவெளி விடுங்கள்.

*ஸ்பேசர்:* குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இந்தப் பிளாஸ்டிக் குழல் அவசியம். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டிய சிரமம் இதில் இல்லை. வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் நிழலில் காயவிடுங்கள்.

*கேப்சூல் வகை:* இதை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதக் கூடாது. இழுத்து முடித்ததும் கேப்சூலில் பொடி மீதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மறுபடியும் இழுங்கள். கேப்சூலை மாத்திரை என்று நினைத்து விழுங்கிவிடுபவர்களும் உண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

*வாய் கொப்பளிப்பு:* ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். வாய்ப்புண்ணும் குரல் கம்மலும் குறையும். ஸஹர் முடிந்து எடுப்பவர்கள் ஃபஜ்ருக்கு பாங்கு சொல்லும் முன்பே இதையும் முடித்துக்கொள்ளலாம்.

*எந்த இன்ஹேலர் எதற்கு:* மூச்சு முட்டும்போது உடனே விடுவிக்கும் சால்பியூட்டமால் வேறு. தினமும் எடுத்து உள்வீக்கத்தைக் குறைக்கும் தடுப்பு இன்ஹேலர் வேறு. முதலாவதை மட்டுமே வைத்துக் காலம் தள்ளக் கூடாது என்று ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டல் 2019-லேயே சொல்லிவிட்டது. வாரத்தில் மூன்று நான்கு முறை அவசர பஃப் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள்.

*திணறல் வந்தால்:* நிமிர்ந்து உட்கார வையுங்கள். ஸ்பேசரில் சால்பியூட்டமால் ஒரு பஃப் அடித்து 4 மூச்சு இழுக்கச் செய்யுங்கள். இப்படி 4 பஃப் கொடுங்கள். 4 நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் மீண்டும் 4 பஃப் கொடுத்து 108-ஐ அழையுங்கள். பேச முடியாத அளவு திணறினாலோ உதடு நீலமானாலோ காத்திருக்காமல் உடனே அழையுங்கள். சாதாரண திணறலில் ஸ்பேசரோடு கொடுக்கும் பஃப், நெபுலைசர் வைப்பதற்கு நிகரான பலன் தரும்.

விலை பாரமாக இருந்தால் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் ஆகியவற்றில் உங்கள் மருந்து உண்டா என்று விசாரித்து விலையை ஒப்பிடுங்கள். உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் புறப்படுபவர்கள் இரண்டு இன்ஹேலர் வைத்திருங்கள். ஒன்று கட்டாயம் கைப்பையில் இருக்கட்டும்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

மூக்குக்கண்ணாடி போடும் பெண்ணைப் பற்றி யாரும் ரகசியம் பேசுவதில்லை. இன்ஹேலர் எடுக்கும் பெண்ணைப் பற்றி மட்டும் ஏன்? ஒழுங்காக மருந்து எடுக்கும் ஆஸ்துமா நோயாளி ஓடலாம், படிக்கலாம், குழந்தை பெறலாம். கர்ப்ப காலத்திலும் டாக்டரின் கண்காணிப்பில் இன்ஹேலரைத் தொடர வேண்டும். நிறுத்தினால்தான் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து அதிகம். இதை மறைத்துக் கல்யாணம் செய்துவைத்தால், புகுந்த வீட்டில் அந்தப் பெண் மறைவாக மருந்து எடுப்பாள் அல்லது எடுக்கவே மாட்டாள். இரண்டுமே அநியாயம். பெண் பார்க்க வரும் வீட்டாரும் இதை ஒரு குறையாகக் கேட்காமல் இருக்க வேண்டும்.

ஷஃபான் மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு நுரையீரல் டாக்டரையும் ஓர் ஆலிமையும் ஒரே மேடையில் உட்கார வைத்தால் போதும். மக்கள் தங்கள் இன்ஹேலரைக் கையில் கொண்டுவந்து இழுத்துக் காட்டட்டும். யார் தவறாக இழுக்கிறார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெண்களுக்கு மதரஸாவில் தனி அமர்வு வைக்கலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

நாளைய மருந்துகள் அவற்றுக்கான நேரத்தில் வரும், இன்ஷா அல்லாஹ். இன்றைய மருந்து பீரோவில்தான் இருக்கிறது. அதை வெளியே எடுத்து, தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்து, சரியாக இழுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக, ஆமீன்.